யாருடைய இரண்டு விரல்

என் அக்கா மனிதர்களைவிட நாய்களிடம்தான் மரியாதையாகப் பேசுவாள். கடைக்குள் எவ்வளவு பெரிய ஆள் நுழைந்தாலும் அவள் பார்வை முதலில் கீழேதான் போகும். "வாங்க, உட்காருங்க" என்பது நாய்க்கு. கூட வந்தவருக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தால் அது அவர் செய்த புண்ணியம்.

பைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வார் தைத்தவள் அவள். அதை இழுத்து மூடியதும், பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே அரை அறையை வாடகைக்குப் பிடித்து, நாய்களுக்குக் கழுத்துப்பட்டையும் கயிறும் தைத்து விற்க ஆரம்பித்தாள். "நாய் பெல்ட்டுக்கெல்லாம் ஒரு கடையா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வருடமே வெட்கமில்லாமல் அதே கடைக்கு வேலைக்குப் போனேன். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நாய் நேரில் வராமல் பட்டை கிடையாது. போனில் படம் காட்டினால், "போட்டோவுக்கு எங்கங்க கழுத்து இருக்கு?" என்பாள். இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்குக் கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சோடு மாட்டும் வார் கொடுப்பாள். ஒருவர் வந்து, உள்பக்கம் முள் வைத்த சங்கிலி வேண்டும், அப்போதுதான் நாய் அடங்கும் என்றார். "முதல்ல உங்க கழுத்துல மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். மனிதர் வந்த வழியே போய்விட்டார். கயிறு ஐந்தடிக்கு மேல் கேட்டாலும் திட்டுதான். "நாய் எதிர்வீட்டுல இருக்கும், நீங்க இங்க நின்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டிருப்பீங்க."

கடைசியாக எல்லோருக்கும் ஒரே வசனம். "பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். அதுக்கு மேல இறுக்கவும் கூடாது, லூசா விடவும் கூடாது. வீட்டுலயும் மாசம் ஒரு தடவை விட்டுப் பாருங்க." பதினெட்டு வருடமாக, கண்டக்டர் டிக்கெட் கேட்பது மாதிரி, மூச்சுவிடாமல் இதைச் சொல்லி வந்தாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு 'ரெண்டு விரல் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு நாள் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. மாடிக்குப் போய் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தாள். கடையில் நான் மட்டும். அப்போது கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். வெளிநாடு போன தம்பி விட்டுவிட்டுப் போன நாயாம். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, மூஞ்சி ஊசி மாதிரி. தெருவில் ஹாரன் கேட்டால் போதும், அவர் காலுக்கு நடுவே போய் நின்று நடுங்கியது. பாவம், இடம் புதுசு என்று அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கோ பசி நேரம். ஒரு நல்ல சிவப்புப் பட்டையை எடுத்து மாட்டினேன். "ரெண்டு விரல் போகுதான்னு நீங்களே பாத்துக்குங்க" என்றேன். அவர் விட்டுப் பார்த்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா" என்றார். ஒரு ஓட்டை தளர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்." இன்னொரு ஓட்டை. "இப்ப போகுது" என்று சிரித்தார். நல்ல மனுஷன். கயிற்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் அக்கா இறங்கி வந்தாள். பாதி வாய் மரத்துப்போய், ஒரு பக்கம் எச்சில் ஒழுக, "யாரு வந்தா?" என்றாள். சொன்னேன். நாய் எப்படி என்றாள். சொன்னேன்.

"மண்டை கழுத்தைவிடச் சின்னதா?"

"ஆமா. ரெண்டு விரல் பாத்துத்தான் குடுத்தேன்."

"யாரு விரல்?"

அந்த மனிதரின் கை கண்முன் வந்தது. அடக் கடவுளே, அவருடைய இரண்டு விரல் என்னுடைய நாலு விரலுக்குச் சமம்! நாய் பின்னால் போய் ஒரு உதறு உதறினால் பட்டை காது வழியே கழன்றுவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் செய்து தொலைத்திருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. இழுத்தால் லேசாக இறுகி, விட்டால் தளரும் பட்டை ஒன்றை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரேன்காரர் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் கயிறு, கயிற்றின் நுனியில் வெறும் சிவப்புப் பட்டை. நாய் நடுரோட்டில். நாலு பேர் கையைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள், இரண்டு பேர் பிடிக்கிறேன் பேர்வழி என்று துரத்துகிறார்கள். அது மிரண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிறது. ஒரு பைக் உரசிக்கொண்டு போனது.

அக்கா நேரே ரோட்டுக்குள் இறங்கினாள். நாயைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டி, நடுரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே தண்ணி லாரி! "அக்கா!" என்று கத்தினேன். லாரி கிறீச்சிட்டு அவளுக்கு ஆறடி முன்னால் நின்றது.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

அவள் அசையவில்லை. எல்லா வண்டியும் நின்றது. நாய் மெதுவாக வந்து அவள் முதுகில் மூக்கை வைத்து, பிறகு மொத்த உடம்பையும் சாய்த்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பட்டையை அதன் தலை வழியே போட்ட பிறகுதான் அவள் திரும்பினாள். கிரேன்காரர் ஓரத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நானும்தான் அழுதேன்.

"மன்னிச்சுடுக்கா" என்று வழியெல்லாம் சொன்னேன். அவள் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். சரி, நாளைக்கு வண்டி வண்டியாகத் திட்டுவாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது, நாய்களின் கழுத்தளவும் வீட்டு போன் நம்பரும் எழுதிய பழைய நோட்டுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, பல்லினாலா தூங்காததாலா தெரியவில்லை.

"நீ ஒரு தடவைதான் அப்படிச் செஞ்சே" என்றாள். "நான் பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், வீட்டுல ரெண்டு விரல் விட்டுப் பாருங்கன்னு. யாரு விரல்னு ஒரு நாளாவது சொன்னேனா? திரும்பி வராதவங்கள்லாம் வேற கடைக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேனேடி."

ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு அம்மா எடுத்தார். அக்கா யாரென்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ரெண்டு விரல் அக்காவா! நல்லா இருக்கீங்களா? நாயா... அது போயி அஞ்சு வருஷமாச்சுங்க. இடி சத்தத்துல மிரண்டு, தலையை உருவிக்கிட்டு ஓடிடுச்சு. எங்கெங்கயோ தேடினோம். நீங்க சொன்ன மாதிரியே எங்க வீட்டுக்காரர் மாசாமாசம் விரல் விட்டுப் பாத்துத்தான் மாட்டுவாரு. பெல்ட் மட்டும் கதவுக்குப் பின்னாடி தொங்குது. ஒரு தையல்கூட பிரியல, அவ்வளவு நல்ல பெல்ட்டுங்க."

அக்கா எப்படியோ நன்றி சொல்லிப் போனை வைத்தாள். உடனே அடுத்த நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

"போதும்க்கா, செத்துருவ" என்று போனைப் பிடுங்கினேன்.

"குடுடி. உயிரோட இருக்கிறதுக்காவது சொல்ல வேணாமா?"

பிடுங்கிய போனை நானே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு நோட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.