சீனியும் வேண்டாம், சீனிக்குப் பதிலும் வேண்டாம்

சாய்ந்தமருதில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குகிறவர் யார் என்று கேட்டால் முஸ்பிறாவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். நாற்பதைத் தாண்டியவர். கணவர் ஜெமீல் கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் பேராதனையில் படிக்கிறான். அதே வளவில் பின்பக்கத்து வீட்டில் ஜெமீலின் அக்கா சபூறா இருக்கிறார். கணவர் மவுத்தான பிறகு, தன் கையால் சமைத்துப் போடுவதற்குச் சபூறாவுக்கு ஓர் ஆளில்லாமல் போய்விட்டது. அந்தக் குறையை அவர் தம்பி வீட்டில் தீர்த்துக்கொள்வார்.

முஸ்பிறாவின் தொழிலில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பழக வருகிறவளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய், கடற்கரை வீதியில் பழக்கி, திரும்பக் கொண்டுவந்து வீட்டிலேயே விட வேண்டும். விட்டதும் உம்மாக்காரி தேத்தண்ணியோடு நிற்பார். அடியில் சீனி கரையாமல் கிடக்கும் தேத்தண்ணி. பக்கத்தில் இனிப்புத் தொதல், இல்லாவிட்டால் பட்டர் கேக். வேண்டாம் என்று எழும்பினால், எங்கள் வீட்டில் வாய் நனைக்க மாட்டாரோ என்று கதை வரும். ஒரு நாளில் இப்படி நாலைந்து வீடு. வருடக்கணக்கில் குடித்ததெல்லாம் அவருடைய உடம்பில் தங்கியது. கடைசியில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தால் பழகுகிறவளால் வண்டியைத் திருப்ப முடியாத நிலை வந்தது. ஏறாவிட்டால் வண்டிக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். ஓடுவதற்கு முழங்கால் விடவில்லை. பிரஷர் வேறு.

உடம்பைக் குறைக்கக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. இரைப்பையின் பெரும் பகுதியைப் பிரித்து ஒதுக்கி, மிஞ்சிய சிறு பையைக் குடலோடு நேரே பொருத்திவிட்டார்கள். ஊரில் இதைச் சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கொஞ்சப் பேரும், வயிற்றுக்குள் ரப்பர் வளையம் போட்டிருக்கிறது என்று கொஞ்சப் பேரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முஸ்பிறா இரண்டையும் மறுத்துக் களைத்துப்போய், பிறகு ஓம் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தங்கேஸ்வரி என்று ஒரு போசணை ஆலோசகர் இருந்தார். திருக்கோவில் ஊர்ப் பிள்ளை. அவர் பொறுமையாகச் சொல்லியனுப்பினார்: சீனி இனிமேல் நேரே குடலுக்குள் விழும், உடம்பு அதைத் தாங்காது, நெஞ்சு படபடத்து வியர்த்துக் கண் இருட்டும். பதிலுக்கு விற்கிற இனிப்பு வகைகள் கொஞ்சமாகப் பாதகமில்லை, ஆனால் சிலது வயிற்றைக் கலக்கும். முட்டை, மீன், பருப்பு முதலில். இனிப்பை நாக்கு மறக்கட்டும்.

நாக்கு மறந்திருக்கும். வீட்டில் உள்ளவர்கள்தான் மறக்கவிடவில்லை.

சீனிக்குப் பதிலாகத் தேத்தண்ணியில் போடுகிற வெள்ளை மாத்திரைகளை, அந்தக் குளிசைகளைக் கண்டாலே சபூறாவுக்குப் பயம். அது புற்றுநோயைக் கொண்டுவரும், மூளையை அரிக்கும் என்று கைத்தொலைபேசியில் வந்த காணொளிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முஸ்பிறாவின் முகத்துக்கு நேரே பிடிப்பார். பச்சைத் தேனும் கித்துள் மரத்துப் பாணியும் இயற்கை, இயற்கை ஆளைக் கெடுக்காது என்பது அவருடைய பிடி. ஜெமீல் அதற்கு நேரெதிர். சீனி இல்லை என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அது தண்ணீருக்குச் சமம் என்று நம்பினார். கல்முனைக் கடைகளில் கிடைக்கிற சீனியில்லாத பிஸ்கட், சீனியில்லாத ஜாம், சீனியில்லாத ஐஸ்கிறீம் எல்லாம் வீட்டுக்கு வந்தன. கட்டாரில் இருக்கும் மச்சான் ஷிப்லியிடம் சொல்லி, சீனியில்லாத சொக்லேட்டும் ஒரு பெட்டி வரவழைத்தார். மனைவி ஆசைப்பட்டதைச் சாப்பிட முடியாமல் இருக்கிறாளே என்று அவருக்கு உண்மையாகவே கவலை.

ஒரு முட்டையை முக்கால் மணித்தியாலம் மென்று விழுங்கிக்கொண்டிருந்த முஸ்பிறாவுக்கு முன்னால் அக்காவும் தம்பியும் இப்படித் தினமும் வாதாடினார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு முட்டையைவிடத் தொண்டையில் அடைத்தது.

சில மாதம் போனதும் உடம்பு வற்றி, முழங்கால் வலி குறைந்து, முஸ்பிறா மறுபடியும் பழக்கத் தொடங்கினார். அப்போது நஸ்லின் என்று ஒரு பிள்ளை வந்தாள். மருதமுனைக்காரி. நிந்தவூரில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். நேராக ஓட்டுவாள், ஆனால் பின்னால் ஆளை ஏற்றினால் கை நடுங்கும். பெரிய வீதிக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம். ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் வீதி அகலமாகவும் ஆளில்லாமலும் இருக்கும் என்று முஸ்பிறா ஒரு காலையில் அவளை அங்கே கூட்டிப்போனார்.

புறப்படும்போது சபூறா பால் விடாத பிளேன்டி ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். சீனி போடவில்லை என்று சத்தியம் பண்ணினார். இஞ்சி தூக்கலாக இருந்ததால் முஸ்பிறாவுக்கு வேறு ருசி பிடிபடவில்லை. அவசரத்தில் குடித்து முடித்தார்.

துறைமுக வீதியில் இறங்கி நஸ்லினிடம் வண்டியைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்தது. அபாயாவுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கண் இருட்டி, வயிற்றை முறுக்கியது. மதில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நஸ்லின் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். அதில் மூத்தவர் பெரியநீலாவணைக்காரர், கனகரெத்தினம் என்று பெயர். பார்த்தவுடனே அவருக்கு நோய் விளங்கிவிட்டது.

"சீனி இறங்கிட்டு புள்ள. கெதியா இனிப்பா என்னமும் குடுக்கணும்."

மற்றவர் ஓடிப்போய்ச் சிவப்புச் சோடா ஒன்றை உடைத்துக்கொண்டு வந்தார். முஸ்பிறா வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கனகரெத்தினம் நல்ல மனிதர். மயக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தான் மறுப்பார்கள், நாம்தான் பருக்க வேண்டும் என்று நஸ்லினுக்குப் புத்தி சொன்னார். போத்தல் உதடு வரைக்கும் வந்துவிட்டது. முஸ்பிறா இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதைத் தட்டிவிட்டார். சோடா மண்ணில் ஊற்றுண்டது. உதவி செய்ய வந்த மனிதரின் முகம் வாடியதைப் பார்க்க முஸ்பிறாவுக்கு அழுகை வந்தது. விளங்கப்படுத்த வாயில் சொல் வரவில்லை.

வேப்பமர நிழலில் படுக்கவைத்தார்கள். அரை மணித்தியாலம் போல் கிடந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆனால் கை இரண்டும் ஆடிக்கொண்டேயிருந்தன. வண்டியைப் பிடிக்க ஏலாது. நஸ்லின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். நிந்தவூர்ச் சந்தியில் பஸ் ஒன்று உரசுவதுபோல் போனது. காரைதீவில் மாட்டுக்கூட்டம் வீதியை மறித்தது. அவள் எங்கேயும் காலை ஊன்றித் தடுமாறவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முஸ்பிறா நேரே பின்பக்கத்து வீட்டுக்குப் போனார். அடுப்படியில் தேன் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது.

"சீனி போடல்லதான். தேன்தானே ரெண்டு கரண்டி ஊத்தின. தேன் மருந்துகா, அதச் சீனியெண்டு ஆரு சொன்ன?" என்றார் சபூறா.

"குடலுக்குக் கண்ணில்ல மதினி. அதுக்குத் தேனும் ஒண்டுதான், சீனியும் ஒண்டுதான்."

இது நடந்ததும் ஜெமீலுக்குத் தன் பக்கம் வென்றுவிட்டது என்று எண்ணம். அக்காவைச் சத்தம்போட்டுவிட்டு, மனைவிக்கு ஆறுதலாகக் கட்டார் பெட்டியைத் திறந்து வைத்தார். முஸ்பிறாவுக்கும் அன்றைக்கு யார்மீதோ பழி தீர்க்க வேண்டும் போல இருந்தது. சொக்லேட்டை ஒன்று, இன்னொன்று என்று ஆறேழு துண்டு தின்றுவிட்டார். சீனி இல்லாததால் நெஞ்சு படபடக்கவில்லை. நிம்மதியாக உறவுக்காரர் ஒருவரின் கலியாண வீட்டுக்குப் போனார். அங்கே பொம்பிளைகள் வட்டமாக இருந்து சஹன் என்ற பெரிய தட்டில் சோறு போடுகிற நேரத்தில் வயிறு கோயில் மேளம்போல முழங்கத் தொடங்கியது. பிறகு நடந்ததை அவர் நஸ்லினுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. பொண்ணை அலங்கரித்துக்கொண்டிருந்த அறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும் என்பதையும், அந்த வழியாகப் பல தடவை போகவேண்டி வந்தது என்பதையும் மட்டும் சொன்னார். பெட்டியின் பின்புறத்தில், அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு ஏற்படும் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஜெமீல் முன்புறத்தை மட்டும் வாசித்திருந்தார்.

அடுத்த முறை கொழும்புக்குக் காட்டப் போனபோது உடம்பின் நிறை குறைவது நின்றிருந்தது. தங்கேஸ்வரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சீனி ஒரு மணிகூடத் தொடவில்லை என்று முஸ்பிறா கோபமாகச் சொன்னார். பிறகு பிஸ்கட், ஜாம், ஐஸ்கிறீம், தேத்தண்ணிக்கு நாலு குளிசை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தங்கேஸ்வரி சிரிக்கவில்லை. சீனியில்லாத பிஸ்கட்டில் மாவும் எண்ணெயும் இருக்கிறதே என்றார். குளிசை நஞ்சில்லை, உங்கள் மதினி பயப்படுகிறமாதிரி ஒன்றும் இல்லை, ஆனால் நாக்கு இனிப்பைத் தேடிக்கொண்டே இருந்தால் கை அதற்கு எதையாவது எடுத்துக் கொடுக்கும் என்றார். முதலில் ஒன்று போட்டவர் இப்போது நாலு போடுகிறீர்கள், அதை நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற வழி முழுக்க முஸ்பிறாவுக்கு எரிச்சல். அக்காவும் தோற்றார், தம்பியும் தோற்றார். ஆனால் இடையில் வயிறு வலித்தது தனக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே இருவரையும் கூப்பிட்டார். பிஸ்கட், ஜாம், மிச்சச் சொக்லேட், குளிசைப் போத்தல், தேன், பாணி எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். ஜெமீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முஸ்பிறா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இஞ்சருங்க, நீங்களும் கேளுங்க மதினி. வெட்டின வயிறு என்ட. அதுக்குள்ள ஒரு கோழிமுட்டைக்கே இடமில்ல, ஒங்க ரெண்டு பேருட சண்டைக்கும் எங்கால இடம்? இனி எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரவேணா. நான் கேட்டாத் தாங்க. கேக்காட்டி விடுங்க."

சபூறா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். தம்பி வீட்டுக்குச் சமைத்துக் கொடுப்பது ஒன்றுதான் தனக்கு மிச்சமிருக்கிற வேலை என்று மெல்லச் சொன்னார். அது உண்மை என்று முஸ்பிறாவுக்குத் தெரியும். அதனால் கோபம் கொஞ்சம் இறங்கியது, முழுதாக இறங்கவில்லை. அப்படியென்றால் உறைப்பில்லாமல் மீன் அவித்துத் தாருங்கள், முள்ளில்லாமல் தாருங்கள் என்றார். சபூறா ஒரு கிழமை முழுக்க மீனை உப்பும் இல்லாமல் அவித்துக் கொண்டுவந்தார். அதையும் சொல்லித்தான் திருத்த வேண்டியிருந்தது.

ஒன்றும் போடாத தேத்தண்ணி முதலில் மருந்துக் கசாயம்போல இருந்தது. முஸ்பிறா அதைக் குடித்தபோதெல்லாம் முகத்தைச் சுளித்தார், அதைப் பார்க்கிறவர்கள்மீதும் எரிந்து விழுந்தார். பழக வருகிற பிள்ளைகளின் வீடுகளில் தேத்தண்ணி வேண்டாம், தருவதென்றால் சீனியில்லாத வெறும் தேயிலைச் சாயம் மட்டும் தாருங்கள், இல்லாவிட்டால் வாசலோடு போகிறேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை அனுப்பவில்லை. மற்றவர்கள் மெல்லப் பழகினார்கள். நோன்பு வந்தபோது பேரீச்சம்பழத்தில் பாதிக்கும் பாதியைக் கிள்ளி எடுத்து, நெடுநேரம் மென்று நோன்பு திறந்தார். நெஞ்சு படபடக்கவில்லை. அந்தச் சிறு துண்டே தேவைக்கு மிஞ்சி இனித்ததைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டார். பெருநாளைக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பை அவித்தபோது, தனக்குக் குளிசை போட்டு ஒரு கரண்டி தனியாகச் செய்து பார்த்தார். அடிநாக்கில் உலோகம்போல ஏதோ கைத்தது. பாதியில் வைத்துவிட்டார்.

நிறை மறுபடியும் குறைந்தது. இப்போது அவர் பின்னால் ஏறினாலும் எந்தப் பிள்ளையும் வண்டியைத் திருப்பும். நஸ்லின் அனுமதிப்பத்திரம் எடுத்து, தன் உம்மாவை ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போய்வருகிறாள். ஜெமீலுக்குப் போன மாதம் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சிய குளிசைகளை அவர்தான் தின்கிறார். சபூறா தினமும் தம்பிக்கு அந்தக் காணொளிகளைக் காட்டுகிறார்.

ஆனால் முஸ்பிறாவுக்கு எரிச்சல் தீர்ந்தபாடில்லை. முன்பு இனிப்பைத் திணித்த ஊர், இப்போது மெலிந்த இரகசியத்தைக் கேட்கிறது. போன கிழமை இறக்காமத்திலிருந்து கலியாணமாகி வந்த ஒரு பெண் பழக வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பிக் கேட்டாள்.

"ராத்தா, நீங்க சீனிக்குப் பதிலா என்னத்தப் போட்டு இப்பிடி மெலிஞ்ச? அந்தப் பேரச் சொல்லுங்களன், அவருட்டச் சொல்லி வாங்கணும்."

ஒன்றும் போடவில்லை என்று முஸ்பிறா சொன்னார். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்ல விருப்பமில்லையாக்கும் என்று முணுமுணுத்தாள். முஸ்பிறா ஒரு பெருமூச்சு விட்டு, அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டார்.

"வீதியப் பாருங்க புள்ள," என்றார்.