கரைசேர்ந்த கப்பல்

மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில், ஊர் உலகமெல்லாம் டிவி பார்க்கும் நேரத்தில் நாங்கள் பாய் விரித்துவிடுவோம். அப்பாவும் சித்தப்பாவும் விடிவதற்கு வெகு முன்பே படகைத் தள்ள வேண்டும். தூக்கம் வராமல் உருளும் எனக்குக் கதை படித்துக் காட்டும் வேலை, புதிதாக வந்த சித்தியிடம் போய்ச் சேர்ந்தது. சித்தி அச்சரப்பாக்கத்துப் பக்கம், விவசாயக் குடும்பம். பொத்தேரியில் காலேஜ் படித்தபோது, அங்கே ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மீன் போட வந்த சித்தப்பாவைப் பிடித்துப்போய், வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். சீர் என்று அவள் கொண்டுவந்தது ஒரு பை நிறையச் சிறுவர் புத்தகங்கள். அம்மா அந்தப் பையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதில் ஒன்று, வீட்டுக்குத் தெரியாமல் கப்பலேறிவிட்ட ஒரு பையனின் கதை. பழைய வெளிநாட்டுக் கதை, தமிழில் சுருக்கியது. புயலில் கப்பல் மூழ்கும் இடத்தைச் சித்தி குரலை ஏற்றி இறக்கி அற்புதமாகப் படித்தாள். படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அம்மாதான் பேசினாள். "கடலுக்குப் போற வூட்ல கப்பல மூழ்கடிச்சிகினு கீறியே, இன்னா பொண்ணு நீ?"

"கததானேக்கா" என்றாள் சித்தி. சிரிக்க வேறு செய்தாள்.

மறுநாள் எங்கள் படகு போகவில்லை. குப்பமே நெத்திலியை அள்ளிக்கொண்டு வந்த நாள் அது. அம்மா பல நாள் சித்தியிடம் நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குழம்புச் சட்டியிடம் சொன்னாள். சித்தி பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். போனால் புத்தகங்களும் போய்விடுமே.

அவள் போகவில்லை. கதையை மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயில் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. புயல் வந்தால் நங்கூரம் போடுவார்கள், சோறாக்கிச் சாப்பிடுவார்கள், கரை வந்துவிடும். படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அம்மாவை ஏமாற்றுவதில் எங்கள் இருவருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

ஐப்பசியில் ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். சித்தப்பா மட்டும் இன்னொருவரோடு கடலுக்குப் போனார். காற்று திரும்பிவிட்டது. இருட்டியும் படகு வரவில்லை, போனும் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் கரைக்கு ஓடிவிட்டார்கள். எனக்குத் துணையாகச் சித்தியை வீட்டில் விட்டிருந்தார்கள்.

நான் கேட்காமலே சித்தி அந்தப் புத்தகத்தை எடுத்து, புயல் வரும் பக்கத்தைப் பிரித்தாள். கப்பல் கரைசேர்ந்தது என்று படித்தாள். திரும்பவும் அதே பக்கத்தை முதலிலிருந்து படித்தாள். கப்பல் மறுபடியும் கரைசேர்ந்தது.

"அம்மாதான் இல்லியே சித்தி. அதுல போட்டுக்கீற மாதிரியே படியேன்" என்றேன்.

"சும்மா கேளு பாப்பா" என்று அதட்டினாள். மறுபடியும் படித்தாள்.

கோவளத்துக்காரர்கள் படகைக் கட்டி இழுத்து, சித்தப்பாவையும் கூடப் போனவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தபோது நான் தூங்கிப்போயிருந்தேன். தூங்கும்வரை எனக்குக் கோபம்தான். ஏமாற வேண்டியவர்கள் யாருமே வீட்டில் இல்லாதபோது, சித்தி யாருக்காக அப்படி மாற்றிப் படிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.