துவைக்கிற கல்

பதுளை ஓயாவின் கரையில்தான் எங்கள் வீடு. ஆற்றோரம் நாங்கள் துணி துவைக்கிற கல்லில் தினமும் ஒரு கபரகொய்யா வெயில் காயும். உடும்பு இனம்தான், ஆனால் அதைவிடப் பெரிய உடம்பு, கொஞ்சமும் கூச்சமில்லாத பார்வை. வாளியோடு போகும் என் மனைவி, "எந்திரிச்சுப் போ, சோம்பேறி!" என்று திட்டித்தான் அதை விரட்டுவாள்.

மழைக்கு இப்போதெல்லாம் மாதக் கணக்கே இல்லை. ஐப்பசியில் வர வேண்டியது இந்த வருடம் மாசியில் கொட்டித் தீர்த்தது. கல் மூழ்கியதும் கபரகொய்யா எங்கள் குசினிப் படியில் வந்து படுத்துக்கொண்டது. நான் விளக்குமாற்றைத் தூக்கினேன்.

"சும்மா இருங்க. அதுக்கு வேற போக்கிடம் ஏது?" என்று மனைவி விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்து வெயில் வந்த அன்று, அழுக்குத் துணி மலைபோல் கிடந்தது. கபரகொய்யா பழையபடி கல்லில் படுத்திருந்தது. அவள் வாளியைத் தொடவே இல்லை.

"இன்னிக்கு ஒரு நாள் அது நல்லா வெயில் காயட்டுங்க."

நான் முதல்நாள் சட்டையையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.