தட்டில் அடித்தது யார்?

சுமதிக்குப் பிரசவம் பார்த்த அரியலூர் ஆஸ்பத்திரியில், குழந்தையின் அட்டையில் 'காது கேட்கிறது' என்று டிக் போட்டவரே... நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.

சுமதி என் தங்கை மகள். "ஒரு மெஷினும் வரல மாமா. கிளம்புறப்ப அட்டையக் கையில குடுத்தாங்க, அவ்ளோதான்" என்கிறாள்.

அது உங்கள் லட்சணம். என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும்போது குன்னத்திலிருந்து போன் செய்தாள். "சத்தம்லாம் கேக்குது மாமா. நான் பேசுறதுதான் கேக்கலயோன்னு இருக்கு."

இது என்ன பேச்சு? சிரித்தேன். நேரில் போய், குழந்தைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். திரும்பியது. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது - அதற்கும் திரும்பியது.

"பாத்தியா? பாம்புக் காது! நீ செல்போனக் கீழ வச்சுட்டுப் பேசு, கேக்கும்."

அதோடு விட்டேனா? 'செல்போன் அம்மாக்கள்' என்று நான் எழுதும் இதே பக்கத்தில் கிண்டலடித்தேன். வாசகர்களே, நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். காது டெஸ்டுக்குப் போகலாம் என்றிருந்த சுமதி, அந்த எண்ணத்தையே விட்டுவிட்டாள்.

போன வாரம்தான் பெரம்பலூரில் டெஸ்ட். குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். நானும் போயிருந்தேன். பிஞ்சுத் தலையில் மூன்று ஒயர். ஸ்பீக்கரில் 'ம', 'த', 'ஸ' என்று மாறி மாறி ஒலி. காதில் விழுந்தால் மூளை பதில் தரும்; அது கம்ப்யூட்டரில் அலையாகத் தெரியும். குழந்தை வாயே திறக்க வேண்டாம்.

'ம'வுக்கு அலை வந்தது. 'த'வுக்கு இல்லை. 'ஸ'வுக்கும் இல்லை.

"தடால் புடால்னு சத்தம் கேக்கும்மா. பேச்சுதான் பாதி போய்ச் சேரல" என்றார் டெஸ்ட் எடுத்த பெண். சுமதி நாலாம் மாதமே சொன்னது!

"காதுக்கு மெஷின் வச்சா கேக்கும். ஆனா நாலு மாசத்துலயே சந்தேகம்னு சொல்றீங்க, ஏழு மாசத்த விட்டுட்டீங்களே... ஏன்?"

"தட்டுல அடிச்சுப் பாத்தோங்க. திரும்புச்சு..."

"தட்டா? எந்தப் புத்திசாலிம்மா அது?"

சுமதி என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தாங்க" என்றாள்.

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் காது நன்றாகத்தான் கேட்கும். வாய்தான் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். தட்டில் அடித்தது நான். சுமதி இல்லை. என் பெயர் இந்தப் பக்கத்தின் தலையிலேயே இருக்கிறது.

டிக் போட்டவரே, உங்கள் பெயர் என்ன? இங்கேயே, எல்லோரும் படிக்கும்படி சொல்லுங்கள்.