ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு மேட்

சர்வீஸ் முடிந்து இன்று வந்த 1991 மாடல் கார், எவ்வளவு மிதித்தாலும் வேகமே எடுக்கவில்லை.

மனைவியை செகண்ட் ஷிப்டுக்கு ஒரகடத்தில் விட வேண்டும். எனக்கோ நைட் ஷிப்ட். நாங்கள் பேசிக்கொள்வதே இந்தப் பயணத்தில்தான்.

கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன. பிள்ளைப்பாக்கம் ஏரியில் மேகங்கள் மிதந்தன. ஒரு கொக்கு எங்களோடே வந்தது. அவள் ஏதோ கனவைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, மேட்டு மேல மேட்டு போட்டுகினு அவர திட்டுறீங்க? பெடல் எப்படி எறங்கும்?"

புது மேட் அழுக்காகக் கூடாதென்று நான்தான் பழையதை மேலே போட்டிருந்தேன். நிறுத்தி உருவினேன். கார் பறந்தது. கனவு பாதியில் இருக்கும்போதே ஒரகடம் வந்துவிட்டது.

இறங்கும்போது சொன்னாள்: "நாளைக்கு மேட்ட போட்டுடுங்க. சீக்கிரமே கெளம்பலாம்."

உங்கள் வீட்டில் வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருக்கும் ரிப்பேர் எது?