வெள்ளவத்தையில் ஒரு பின்னேரத்து அப்பா

"அங்கிள், இண்டைக்குப் பின்னேரம் மட்டும் எனக்கு அப்பாவா வருவீங்களோ?"

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் பக்கத்து அறையில் இருந்த பதினாறு வயதுப் பிள்ளை கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. 'அங்கிள்' என்றதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

விஷயம் இதுதான். நாலு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை, அடிவயிற்றில் நோ. தனியாகப் போனவளை, "அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் வன்னியில், சண்டையால் பாதை பூட்டு. கூட இருந்த சித்தியிடம் சொல்லலாம்தான். ஆனால் லொட்ஜின் ஒரே போனில் சித்தி லண்டனுக்குக் கத்துவது மூன்று மாடிக்கும் கேட்கும். நாலு மாதம் என்றால் அந்த மூன்று மாடியும் என்ன நினைக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

போனேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். டாக்டருக்கு என் வழுக்கையே போதுமாக இருந்தது.

"கடைசியா எப்ப வந்தது?" என்று என்னைக் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிள்ளை பதில் சொன்னாள். சரிதானா என்று அவர் மறுபடியும் என்னைப் பார்க்க, நானும் எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

வயிற்றை அமத்திப் பார்த்தார், யூரின் சோதித்தார். பிறகு அவளை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, நல்ல செய்தி சொல்பவர்போலச் சிரித்தார்.

"ஒரு பிழையும் நடக்கேல்ல, பயப்பிடாதேங்கோ. சூலகத்தில கட்டி போலக் கிடக்கு, ஸ்கான் எடுக்கவேணும். பிள்ளைக்கு உதுகளைச் சொல்லாதேங்கோ."

அவளுடைய வயிற்றுக்குள் இருப்பதை, அவளுக்கு ஒளித்து, பொய் அப்பன் ஒருவனின் காதில் போடுகிறார். மீசையோடு எவன் வந்திருந்தாலும் போட்டிருப்பார். நான் வேறு, "பெரிய உபகாரம் டொக்டர்" என்று குழைந்தேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "எனக்கு என்னவாம்?"

காலி வீதி பஸ் இரைச்சலுக்கு மேலால் 'சூலகம்' என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், தொண்டையைச் செருமி, ஒருவாறு சொன்னேன்.

"பிறகு எனக்குப் பிள்ளை பிறக்குமோ, அங்கிள்?"

"அதை நான் கேக்கேல்லயே, பிள்ளை."

"நான் போய்க் கேட்டால் சொல்லுவாரோ?"

இருவருக்கும் பதில் தெரியும். திரும்பிப் போனோம். அவள் வாங்கில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்க நான் உள்ளே போனேன்.