றோட்டில் நின்றால் யார் இழுப்பது?

என் மனுசன் பள்ளிமுனையில் கடல் தொழிலுக்குப் போகிறவர். வள்ளத்து எஞ்சினுக்கு எது மலிவோ அந்த ஒயிலைத்தான் ஊற்றுவார். அவர் பிடிக்கிற மீனை முருங்கன் சந்தைக்குக் கொண்டுபோகப் புது பிக்கப் ஒன்று வாங்கினோம். அவருக்கு வாகனம் ஓடத் தெரியாது. ஓடுகிறவள் நான்.

முதல்தரம் ஒயில் மாற்ற இருவரும் போனபோது கடைக்கார நானா இரண்டு கானை எடுத்து வைத்தார்.

"இது சாதாரண ஒயில். இது சிந்தெற்றிக், விலை கூட. ரெண்டும் உங்கட எஞ்சினுக்குச் சரி. வெயிலுக்குள்ள ஓடுறதெண்டா சிந்தெற்றிக் கூடத் தாங்கும்."

"சாதாரணமே காணும்" என்றேன்.

"இல்லை நானா, நல்லதையே தாங்கோ" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் செருப்பு அறுந்தால் தைத்துப் போடச் சொல்கிற மனுசன்.

"வள்ளத்துக்குக் கண்டதையும் ஊத்துறீங்கள். பிக்கப் என்ன, ராசாத்தியோ?"

அவர் கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: "கடலில என்ர எஞ்சின் நிண்டா, பக்கத்து வள்ளக்காரன் தன்ர வலையை விட்டிட்டு வந்து கட்டி இழுப்பான். றோட்டில நீ தனியாப் போறாய். உன்னை ஆர் இழுக்கிறது?"

நானா சாதாரண ஒயிலை எடுத்து உள்ளே வைத்தார்.

வரும் வழியில் ஓட்டோ ஒன்று பழுதாகி நின்றது. இப்படி நின்ற எத்தனையோ பேரைக் கடந்து போயிருக்கிறேன். அன்று நிறுத்தினேன்.

இப்போது மீன்பெட்டிகளோடு ஒரு வள்ளக் கயிறும் பிக்கப்பில் கிடக்கிறது. அதைக் கண்ட அன்று அவர் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.